நின்று நறுக்கியவளுக்கு

உன் பலகை என் வீட்டுக்கு வந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் மகள் அதைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துவந்தாள். "ஆன்ட்டி, அம்மா இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னா. பக்கா சொன்னா," என்றாள். பலகையின் ஓரத்தில் இருந்த ஓட்டையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "யே கியா ஹை? ஆணி அடிச்சு சுவத்துல மாட்டியிருந்தாளா?" என்று கேட்டாள். நான் காபி கலக்கப் போய்விட்டேன். அவளுக்கு எதுவுமே தெரியாது. எப்போது சொல்வது என்று நீயும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அவள் போன பிறகு பலகையை முகர்ந்து பார்த்தேன். இஞ்சி, வெங்காயம், தேங்காய். இரத்த வாடை இல்லை. இத்தனை வருஷம் தேய்த்துக் கழுவிய கட்டையில் அது எங்கே இருக்கும்? இருந்தாலும் தேடினேன், என் புத்தி அப்படி.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நான் கீழ்வீடு, நீ மாடி. உனக்கு மேலே இன்னொரு வீடு. உன் வீட்டில் உன் புருஷன், அந்த ஆள், கை ஓங்கினால் மேல்வீட்டில் மிக்ஸி ஓடும். எதிர் பிளாக்கில் டிவி சத்தம் ஏறும். அந்தக் காலனியில் யாருக்கும் காது செவிடில்லை. உன்னை அடிக்கிற சத்தம் கேட்டால் எல்லோருக்கும் சட்னி அரைக்க வேண்டிய வேலை வந்துவிடும். அந்த மிக்ஸி சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கடிபடுகிறது.

நான் கண்ணால் பார்த்தது ஒரு தடவை. உன் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க மேலே வந்திருந்தேன். நீ வாசலுக்கு முதுகு காட்டி அரிவாள்மணையில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். அந்தச் சின்ன அடுக்களையில் வேறு எப்படியும் உட்கார முடியாது. அந்த ஆள் ஆபீஸிலிருந்து வந்தார். பூட்ஸைக் கழற்றவில்லை. நேரே அடுக்களைக்கு வந்து உன் முதுகில் உதைத்தார். நீ முன்னால் சரிந்தாய். உன் உள்ளங்கை அரிவாளில் இறங்கியது. பூசணித் துண்டெல்லாம் சிவந்துபோனது. எதற்காக உதைத்தார் என்று அவரே பிறகுதான் யோசித்துச் சொன்னார்: காலையில் சட்டைக்கு இஸ்திரி சரியில்லையாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் "கைசே ஹுவா?" என்றார். "சப்ஜி காட்தே வக்த்," என்றாய் நீ. காய் நறுக்கும்போது. அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தையல் போட்டு அனுப்பிவிட்டார். ஆட்டோவில் வரும்போது உன்னை நான் கண்டபடி திட்டினேன். நீ வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். "அங்க உக்காந்தா ஆள் வாரது தெரிய மாட்டேங்கு ளா. எப்பவும் முதுகுலதான் விழுது," என்றாய். அதை அன்றைக்கு நான் புலம்பல் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கேசட்டுகள் வந்தன. கன்னாட் பிளேஸில் ஒரு ஜப்பான் கம்பெனியில் நீ டைப்பிஸ்ட். உன் மேலதிகாரிக்கு அவர் தங்கை ஊரிலிருந்து டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்து அனுப்புவாள். பார்த்து முடித்த கேசட்டுகளை, அழித்து வேறு பதிந்துகொள்ளுங்கள் என்று அவர் ஆபீஸில் கொடுத்துவிடுவார். உனக்குக் கேசட் கிடைத்தது, வீட்டில் விசிஆர் இல்லை. எனக்கு என் தம்பி துபாயிலிருந்து எந்த நாட்டுக் கேசட்டும் ஓடுகிற விசிஆர் கொண்டுவந்திருந்தான். அந்த ஆள் சனிக்கிழமை மத்தியானம் மலை மந்திர் கோயிலுக்குத் திருப்புகழ் பாடப் போவார். குரல் உருகுமாம். அவர் பஸ் ஏறியதும் நீ கீழே இறங்கி வருவாய். என் வீட்டுக்காரர் பாதி நாள் டூரில் இருப்பார், நமக்குத் தொந்தரவு இல்லை.

அது ஒரு சமையல் போட்டி. நமக்கு ஜப்பான் பாஷையில் ஒரு எழுத்துத் தெரியாது. பளபளக்கிற அங்கி போட்ட ஒருவர் துணியை விலக்குவார். அடியில் அன்றைய பொருள் இருக்கும். நண்டு, கணவாய், முள்ளங்கி, ஏதோ ஒன்று. இரண்டு சமையற்காரர்கள் அதை வைத்து அடுப்போடு மல்லுக்கட்டுவார்கள். ஒருவன் கத்திக்கொண்டே வர்ணனை செய்வான், கொலை நடக்கிற வீட்டைப் பார்த்தவன் மாதிரி. நடந்ததும் கொலைதான். உயிருள்ள கணவாயைத் தரையில் ஓங்கி அடித்தார்கள். நண்டின் ஓட்டைப் பிளந்தார்கள். மதுரைக்காரி, மீன் அலசி வளர்ந்தவள், நானே முகத்தைச் சுளித்தேன். நீ சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண். முட்டை கேக் என்று தெரிந்தால் தட்டைத் தள்ளிவைப்பவள். கண்ணை எடுக்காமல் பார்த்தாய்.

ஜப்பான் கேசட்டுக்கு என் டிவியில் நிறம் வராது. எல்லாம் கறுப்பு வெள்ளை. இரத்தமும் கறுப்பாகத்தான் ஓடியது. பாலிகா பஜாரில் ஒரு பெட்டி வாங்கி மாட்டினால் நிறம் வரும் என்று சொன்னேன்.

"வேண்டாம் ளா. கறுப்பாவே இருக்கட்டும். செவப்பு நான் பாத்தாச்சு," என்றாய்.

ஒரு கேசட் வந்தது. விலாங்குப் போட்டி. ஜப்பானிலேயே ஒரே தடவைதான் அதைக் காட்டினார்களாம். யாரோ புகார் எழுத, பிறகு போடவே இல்லையாம். உன் மேலதிகாரி சொன்னதாகப் பெருமையாகச் சொன்னாய். ஒல்லியாக, வாய் கோணிய ஒருவன். அவனுக்கு எதிரே ஒரு குண்டன். ஒல்லி தொட்டியில் கை விட்டு விலாங்கைத் தூக்கினான். அது அவன் முழங்கை வரை சுற்றிக்கொண்டது. அதைப் பலகையில் போட்டான். தலையில் ஒரு ஊசியை வைத்து, கத்தியின் முதுகால் ஒரே அடி. தலை பலகையோடு நின்றுவிட்டது. உடம்பு மட்டும் சுழன்றது. அப்புறம் கழுத்தடியில் கத்தியை நுழைத்து, முதுகு வழியாக வால் வரை ஒரே இழுப்பு.

"திருப்பிப் போடு," என்றாய். போட்டேன். மறுபடி போடச் சொன்னாய். அடுத்த சனிக்கிழமையும் அதே கேசட். அதற்கடுத்ததும். நான் குண்டன் கட்சி, நீ ஒல்லி கட்சி. கேசட்டோ தீர்ப்புக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும். யார் ஜெயித்தான் என்று நமக்குள் நடந்த சண்டையில் நீ என் மேல் முறுக்கை வீசினாய், தட்டோடு. நானும் திருப்பி வீசினேன். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்புக்கு மேல்வீட்டு மிக்ஸி ஓடவில்லை என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அவன் நின்னுக்கிட்டு நறுக்குதாம்லா, கவனிச்சியா?" என்று கேட்டாய் ஒரு நாள். நான் விலாங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பார்த்தது அவன் நிற்கிற நிலையை.

கோட்லாவில் ஒரு தச்சனிடம் இந்தப் பலகையைச் சீவி வாங்கினாய். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் வெட்டுபவர்களுக்குச் சாணை பிடிக்கிற ஆளிடம் கத்தி வாங்கினாய். பலகையைச் சாப்பாட்டு மேஜையில் போட்டு, வாசலைப் பார்த்து நின்றுகொண்டு நறுக்க ஆரம்பித்தாய். அரிவாள்மணையைப் பரணில் ஏற்றிவிட்டாய். அந்த ஆளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு முறை அந்தக் கட்டையைப் பால்கனி வழியாக வீசினார். இரண்டு முறையும் என் வாசலில்தான் விழுந்தது. நான் மண்ணைத் தட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் புளி கடன் கேட்க மேலே வந்தேன். கதவு திறந்தே இருந்தது. நீ பலகை முன்னால் நின்றிருந்தாய். அவர் உன் கூந்தலை வலக்கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். உன் உதடு கிழிந்து தாடை வரை இரத்தம். இடக்கையால் பலகையை ஓங்கி அறைந்து, "உக்காருட்டி கீழ! பொம்பளையா லட்சணமா கீழ உக்காந்து நறுக்கு!" என்று கத்தினார். கையை அப்படியே பலகையில் விரித்து ஊன்றிக்கொண்டார்.

மேஜையில் ஐஸ் கட்டி குத்துகிற ஊசி கிடந்தது. நீ அதை எடுத்தாய். அவசரமே இல்லை உனக்கு. அவர் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையில் அதை நிறுத்தினாய். கத்தியைத் திருப்பி அதன் முதுகால் ஒரே அடி.

அவர் போட்ட சத்தம் சந்தை வரை கேட்டிருக்கும். உன் கூந்தலை விட்டுவிட்டு வலக்கையால் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். நீ கத்தியின் நுனியை அவர் மணிக்கட்டுக்கு மேலே வைத்தாய். அவர் அசையவில்லை. பலகையில் இரத்தம் பரவியது. நல்ல சிவப்பு.

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். எத்தனை சனிக்கிழமை பார்த்திருக்கிறேன்! தடுக்க வேண்டும் என்றும் தோன்றியது. தடுக்கக் கூடாது என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே அளவு தோன்றியது, பொய் சொல்வானேன்.

நீ குரலை உயர்த்தவில்லை. "அடுத்தது என்னன்னு அவளுக்குத் தெரியும். கேட்டுக்கிடுங்க," என்றாய்.

அவர் என்னைப் பார்த்தார். அதுவரை என்னை ஒரு மனுஷியாக அவர் பார்த்ததே இல்லை.

"முதுகக் கிழிப்பாங்க," என்றேன். "கழுத்துல இருந்து கடைசி வரைக்கும்."

அவர் அழ ஆரம்பித்தார். திருப்புகழ் பாடுகிற அதே குரல், உருகத்தான் செய்தது. நீ கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஊசியைப் பிடுங்கினாய். உன் முந்தானையைக் கிழித்து அவர் கையைக் கட்டினாய். "டாக்டர் கேட்டா, ஐஸ் ஒடைக்கும்போதுன்னு சொல்லுங்க. நான் சொன்ன மாதிரியே. நம்புவாங்க," என்றாய். போய்ச் சொன்னார். நம்பினார்கள்.

அவ்வளவு நேரமும் மேல்வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டுதான் இருந்தது. யார் அடி வாங்குகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதல்லவா!

உன் மகள் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பெண்களோடு ஆக்ராவில் தாஜ்மஹால் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததும் அப்பாவின் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, வலிக்குமே என்று ஊதிவிட்டாளாம். அந்த ஆள் அதற்கப்புறம் உன்னைத் தொடவில்லை. தட்டை வீசினார், பேச்சை நிறுத்தினார், சாப்பாட்டில் மயிர் தேடினார். கை மட்டும் ஓங்கவில்லை. ஏன் இன்னும் அவரோடு இருக்கிறாய், விட்டுத் தொலை என்று உன்னிடம் எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

"எங்க போக? அந்தத் தழும்ப தெனம் பாக்கணும் ளா எனக்கு. அவரு சாமி கும்பிடக் கை குவிக்கும்போது பளிச்சுனு தெரியும்," என்றாய். எனக்கு அது சம்மதமே இல்லை. இப்போதும் இல்லை. இருந்தாலும் அது உன் கணக்கு.

பல வருஷம் கழித்து என் மகன் கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ அந்த விலாங்குப் போட்டியைப் பிடித்துவிட்டான். நிறத்தோடு, தீர்ப்போடு. நீ குடிபோயிருந்த ஆர்.கே.புரத்திலிருந்து உன்னை வரவழைத்தேன். உனக்கு அப்போதே வயிற்றில் கட்டி. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாய். ஒல்லி தோற்றுவிட்டான். நான் கைதட்டிக் குதித்தேன், இத்தனை வருஷ வழக்கில் எனக்குச் சாதகமான தீர்ப்பு.

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தோத்தா என்ன? விலாங்கு செத்துச்சுல்லா," என்றாய்.

உன்னைக் கடைசியில் கொன்றது அந்தக் கட்டி. அதன் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று உனக்குத் தெரியாது. ஒரு ஊசி வைத்து அடிக்க முடிந்திருந்தால் நானே அடித்திருப்பேன்.

இதையெல்லாம் இன்றைக்கு எழுதக் காரணம், நேற்று அந்த ஆள் வந்திருந்தார். நான் உன் பலகையில் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது நானும் வாசலைப் பார்த்து நின்றுதான் நறுக்குகிறேன். என்னை உதைக்க யாரும் இல்லை, என் வீட்டுக்காரர் பாவம், பேப்பர் படிப்பார். ஆனாலும் உட்கார முடியவில்லை. அதனால் அவர் வருவதை வெகுதூரத்திலேயே பார்த்துவிட்டேன்.

அடுக்களை வாசலில் வந்து நின்றார். முடியெல்லாம் கொட்டிவிட்டது. "அந்தப் பலகைய எம் மக இங்க கொண்டாந்துட்டாளாம். அது எங்க வீட்டுச் சாமான்," என்றார். இடக்கை பேண்ட் பைக்குள் இருந்தது.

"இங்கதான் இருக்கு," என்றேன். நறுக்குவதை நிறுத்தவில்லை.

அவர் பலகையைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். "புள்ளைக்குத் தெரியுமா?" என்றார். அதற்காகத்தான் வந்திருக்கிறார்.

எப்போது சொல்வது என்று நீ சொல்லாமல் விட்டுப்போனதற்கு அப்போது எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. "இன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றா. அன்னைக்குச் சொல்லப்போறேன்," என்றேன்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஹாலில் இரண்டு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

"உக்காருங்க," என்றேன். "கீழ."

அவர் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே மீதிக் காயை நறுக்கி முடித்தேன்.