உன் கை வைத்த அளவு

இன்று காலை தம்போயில் மின்விசிறி பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஈயத்தை உருக்கியதும் அந்தப் புகையோடு உன் நினைவு வந்தது. வாடைக்கெல்லாம் கண் கலங்குகிறவள் அல்ல நான், உனக்கே தெரியும். ஆனாலும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நாம் ஒன்றாக வேலை செய்த ரேடியோ தொழிற்சாலையில் நீ ஈயம் வைத்துப் பற்றவைத்த போர்டுகளைச் சோதிப்பது என் வேலை. நான் படித்த கான்வென்ட்டில் தையல் கோணினால் கன்னியாஸ்திரிகள் பிரித்துப் போடுவார்கள். அதே கண்ணோடுதான் நானும் பார்த்தேன். உன் போர்டு ஒன்றையும் திருப்பி அனுப்ப எனக்கு வாய்க்கவில்லை. வரிசையில் வேகமானவளும் நீதான்.

அதுதான் வினையாயிற்று. மலிவான கூலிக்கு வேலை நடக்கும் நாடுகளோடு போட்டி என்றார்கள். புது இயந்திரம் வாங்குவார்கள் என்று நினைத்தோம். கடிகாரத்தோடு ஓர் என்ஜினியர் வந்து உன் முதுகுக்குப் பின்னால் நின்றார். மறுவாரம் உன் வேகமே எல்லோருக்கும் அளவாயிற்று.

"கொஞ்சம் மெதுவா செய் லா, எங்க பொழப்பையும் பாரு" என்று காஹாங் ஊரிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் கெஞ்சினார்கள்.

"என் கை என் பேச்சையே கேக்காது. உங்க பேச்சைக் கேக்குமா?" என்று சிரித்தாய்.

அந்த அளவை எட்ட முடியாதவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனார்கள். வருடங்கள் போக, கடைசியில் உன் விரல் மூட்டுகளும் வீங்கின. கண்ணாடி போட்டுக்கொண்டாய். உன் போர்டுகள் அப்போதும் சுத்தமாகத்தான் வந்தன, மெதுவாக. புதிதாக வந்த சூப்பர்வைசர் உன்னை என் மேசைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, "ஆன்ட்டி, டார்கெட் வரல. சாரி லா" என்றான்.

"அந்த டார்கெட்டே நான்தான், தம்பி."

நீ வேடிக்கை பேசுவதாக நினைத்து அவன் சிரித்தான். நீயும் சிரித்தாய். பையை எடுத்துக்கொண்டு கடைசி முறையாக பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாய்.

நீ இறந்த பிறகு கம்பெனி வியட்நாமுக்குப் போனது. இயந்திரங்களை விட்டுவிட்டுப் போனார்கள். உன் அளவை விட்டிருக்க மாட்டார்கள். அங்கே எந்தப் பெண் உன்னைத் துரத்திக்கொண்டிருக்கிறாளோ.

என் மருமகள் இப்போது பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறாள். நேற்றுச் சாப்பிடும்போது, "எங்க லைன்ல நான்தான் ஃபாஸ்ட், அத்தை" என்றாள்.

"அத அங்க யாருக்கும் காட்டாத" என்றேன்.

"ஏன் அத்தை, பயமா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

என் வீட்டுக்காரர் இறந்தபோதுகூட, பயம் என்று யார் முன்னாலும் நான் ஒப்புக்கொண்டதில்லை. நேற்று, ஆமாம் என்றேன்.