ஹுஸைன் மாற்றிய வரி

3 மார்ச் 1975, கண்டி

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இன்று காலை பஸ் நிலையத் தேநீர்க்கடை வானொலியில் மறுபடியும் அந்தப் பாட்டு. பாடியவர் கண்டி ஹுஸைன், இயற்றியவர் கண்டி ஹுஸைன். இயற்றியவன் நான்! கிற்றாரைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கக் கௌபாய் மெட்டில் கலியாண வீடுகளில் பாடித் திரிந்தவனுக்கு, என் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்த சொற்கள். இப்போது சின்ன இசைத்தட்டாக வந்திருக்கிறது. கேட்டால் எந்தக் கடையிலும் கையிருப்பில்லையாம்.

5 மார்ச்

ஆசிரியர் அறையில் கறுப்பையா: “செருப்பை வச்சுக் காதல் பாட்டு எழுதியிருக்கான் பாத்தீங்களா மாஸ்டர்? அந்தப் பொண்ணு பாவம், இந்தியா வரைக்கும் நொண்டிக்கிட்டே போயிருக்கும்!” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

8 மார்ச்

என் மனைவி யசோதா இந்தியா போய் மூன்று வருஷம். அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட், எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஒரே வீட்டில் இரண்டு நாடு. அவள் இங்கே இருக்கலாம் என்ற தவணை முடிந்தபோது, “நீங்களும் வாங்களேன்” என்றாள். “உங்க அண்ணன் வீட்டு வாசல்ல நிக்கவா?” என்றேன். தலைமன்னார் ரயிலில் ஏறிய நெரிசலில் அவளுடைய ஒரு செருப்பு பிளாட்பாரத்தில் விழுந்தது. மற்றக் கால் செருப்போடு மட்டும் போனாள். அதைத்தான் எழுதினேன். கடைசி வரி: விழுந்ததை எறிந்துவிட்டேன், வராதே.

எறியவில்லை. அது வேறு விஷயம்.

12 மார்ச்

இங்கே திருகோணமலை வீதியில் ஹுஸைனைப் பிடித்தேன். புதுக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

“பேரு போட்டது கம்பெனிக்காரன் மாஸ்டர். நான் என்ன செய்ய?”

“கடைசி வரியை ஏன் மாத்தினாய்?”

“‘வராதே’ன்டு முடிச்சா யாரு மாஸ்டர் வாங்குற? ‘எடுத்து வச்சிருக்கேன், வந்து போட்டுக்கோ’ன்டு பாடினேன். சனம் அழுவுது. நீங்களும் அழுதிருப்பீங்க, உண்மையச் சொல்லுங்க.”

திரும்பி நடந்தேன். நாய்.

13 மார்ச்

பாட்டு என்னுடையது, கடைசி வரியை அவன் மாற்றினான் என்று பத்திரிகைக்கு நீண்ட கடிதம் எழுதி முடித்தேன். ‘கள்ளன்’ என்ற சொல்லை வெட்டினேன். பிறகு திரும்பவும் எழுதினேன்.

20 மார்ச்

யசோதாவிடமிருந்து கடிதம். போனதிலிருந்து முதல் தடவை. “சிலோன் ரேடியோவுல பாட்டுக் கேட்டேங்க. செருப்பு விழுந்தது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நீங்கதான் எழுதியிருப்பீங்க. ஆனா அந்தக் கடைசி வரி? அதுவும் உங்களோடதுன்னா விசா கேட்டு வந்துர்றேன். இல்லன்னா சொல்லிடுங்க, நானும் எதிர்பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்.”

முழுப் பாட்டும் என்னுடையது. அவள் கேட்கிற வரி மட்டும் அவனுடையது.

21 மார்ச்

என்னடா செய்வே? அந்த வரியை நான்தான் எழுதினேன் என்றால் பொய். அவன் எழுதினான் என்றால் வரமாட்டாள். பத்திரிகைக் கடிதம் வெளிவந்தால், நான் எழுதியது ‘வராதே’ என்று ஊரே படிக்கும். அவள் அண்ணன் காதுக்கு எட்டாமலா இருக்கும்? என் பெயர் ஒன்றுதானே கேட்டேன் — அதைக் கேட்டால் அவள் கைவிட்டே போய்விடுவாள் —

22 மார்ச்

வெளியே எங்கும் போகவில்லை. சாப்பிடவும் இல்லை.

24 மார்ச்

பத்திரிகைக்கு எழுதியதை அடுப்பில் போட்டேன். கறுப்புக் கண்ணாடியை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

யசோதாவுக்கு நானே சொந்தமாக ஒரு வரி எழுதப் பார்த்தேன். எழுதியதெல்லாம் வாத்தியார் பேசுவதுபோல் இருந்தது. கடைசியில் ஏர்மெயில் தாளின் நடுவில் ஹுஸைனுடைய வரியை எழுதினேன். அவன் சொன்னது சரி, அழுதேன்.

கீழே பெயர் போடப் போய் நிறுத்திவிட்டேன். வரி என்னுடையதல்ல. ஆனால் கூப்பிடுவது நான். ஒரு மனிதன் இதற்குக் கீழே எப்படிப் பெயர் போடுவான்?

என் எழுத்து அவளுக்குத் தெரியும். பெயரில்லாமலே நாளை தபாலில் போடுகிறேன்.