அந்தோனியாரின் காலடியில் ஒரு படிவம்

சேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
17.6.1964

அன்புள்ள தங்கச்சி மேரிஜோசப்பினுக்கு,

அக்கா மாக்கிறேற் எழுதுவது. நான் அந்தப் படிவத்தைக் கிழிக்கவில்லை. சுகம் விசாரிக்கும் முன் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தோனியார் திருநாளுக்கு ஊருக்கு வந்த யாகப்பு நேற்று முன்தினம் திருகோணமலை மீன்வாடிக்குத் திரும்பிவிட்டான். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவன் உன் படலையில் நின்று, "மாக்கிறேற் அக்கா பிள்ளையின்ரை பள்ளிக்கூடக் கடுதாசியைக் கிழிச்செறிஞ்சு போட்டா" என்று சொல்லியிருப்பான். அவன் பெண்சாதி ஞானசவுந்தரி கோயில் வாசலில் இதையே நான்கு பேருக்குச் சொன்னாள். எரித்தேன் என்றும் ஒருத்தி சேர்த்துக்கொண்டாள். படிவம் முழுதாக இருக்கிறது. ஒரு மூலையில் மெழுகு பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நான் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதே. செய்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உன் மகள் ஜசிந்தா சுகம். மாசியில் பிடித்த இருமல் முற்றாக விட்டுவிட்டது. திருநாளுக்கு நீ அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டாள். இடுப்பில் ஒரு விரற்கடை இறுக்கம், பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். உன் போன கடிதத்தில் திகதி இல்லை. அம்புறோசுக்குத் துறைமுகத்தில் இரவு வேலையா பகல் வேலையா என்றும் தெரியவில்லை. எழுதும்போது இவற்றைக் கவனி.

இனி விஷயம். ஜசிந்தா உனக்குக் கொஞ்சம் எழுதியிருப்பாள். நான் ஒழுங்காக எழுதுகிறேன்.

அடுத்த வருட முடிவில் அவளுக்குச் சோதனை. ஏழு பாடங்கள் இருக்கின்றன. எட்டாவதாக உயர்கணிதம் எடுக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அந்த வகுப்பில் அதை எடுக்கக்கூடியவர்கள் மூன்றே பிள்ளைகள். வகுப்பு பள்ளி விட்ட பிறகு ஐந்து மணி வரை நடக்கும். வீட்டார் கையெழுத்திட்ட படிவத்தை யூன் பத்தாம் திகதிக்குள் கொடுக்க வேண்டும். நீயும் அம்புறோசும் "அக்கா சொல்வதே முடிவு" என்று எழுதினீர்கள். அந்த வசனத்தைப் படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாயிருக்கிறது.

படிவத்தைக் கொண்டு வந்தது கணக்கு ஆசிரியை மீனலோசனி. வேலணைப் பிள்ளை, சைவம், பேராதனையில் பட்டம் எடுத்தது, வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எங்கள் காலத்தில் இப்படி ஒருவர் படிப்பித்ததில்லை. மே மாதக் கடைசியில் பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தது. நல்ல கோப்பையில்தான் தேத்தண்ணீர் கொடுத்தேன். "அம்மா, இவவுக்கு இது வரும். விடுங்கோ" என்று மரியாதையாகத்தான் கேட்டது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு இருவரும் வட்டமேசையில் ஒரு தாளுக்கு மேல் குனிந்தார்கள். ஜசிந்தா ஏதோ வெட்டி எழுதினாள். ஆசிரியை பென்சிலால் ஒரு இடத்தைத் தொட்டது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். "ஒண்டுமில்லைப் பெரியம்மா, உங்களுக்கு விளங்காது" என்றாள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அது உண்மை என்பதால் சொன்னாள். என் வீட்டில், என் மேசையில், எனக்கு விளங்காத ஒன்றுக்கு இரண்டு பேர் சிரித்தார்கள். அன்று தொடங்கியது.

மூன்று வருடமாக இந்த மேசையில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். தொட்டி நிரம்புகிற கணக்கு, ஆறு பேர் கிணறு வெட்டுகிற கணக்கு, எல்லாம் என்னிடம் படித்ததுதான். போன வருடம் அட்சரகணிதம் வந்தது. இந்த எழுத்து எவ்வளவு என்று கேட்டேன். "அது எதுவாகவும் இருக்கலாம் பெரியம்மா, அதைத்தானே கண்டுபிடிக்கிறது" என்றாள். அதன்பிறகு கணக்குக் கொப்பியை என்னிடம் கொண்டுவருவது குறைந்தது. "ரீச்சர் சொன்னவ" என்பது கூடியது. ஒருநாள் அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சிலில் 'மிக நன்று'. மூன்று வருடத்தில் 'சரி' என்பதற்கு மேல் நான் ஒரு சொல் எழுதிக் கொடுத்ததில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றையும் எழுதுகிறேன். 1915இல் யாழ்ப்பாணத்து மடத்தில் நான் தங்கிப் படித்தபோது, கணக்குக்கு முதற்பரிசு எனக்குத்தான். நீ அப்போது பிறந்திருக்கவில்லை. எங்கள் கணக்கு மதர் அயர்லாந்துக்காரி. பாஸ்குத் திருநாள் லீவுக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, ஒரு புத்தகத்தின் முதற்பக்கத்தைக் காட்டி, லீவு முடிந்து வா, இதைத் தொடங்குவோம் என்றா. அது அட்சரகணிதம். அந்த லீவில்தான் அப்பா எனக்குக் கலியாணம் பேசி முடித்தார். நான் திரும்பிப் போகவில்லை. பிறகு நீ பிறந்தாய், உன்னைச் சீனியர் வகுப்பு வரைக்கும் படிக்கவைத்தார்கள். நெடும்பிரித்தல் கணக்குக்கே நகம் கடித்துக்கொண்டிருந்த உன்னை! அந்த எரிச்சலை நான் விழுங்கிப் பல காலமாகிறது என்று நினைத்திருந்தேன்.

அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்பதை நாற்பத்தொன்பது வருடம் கழித்து ஜசிந்தாவின் புத்தகத்தில் பார்த்தேன். அவள் பள்ளிக்கூடம் போன பிறகு எடுத்து வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். முதல் அப்பியாசம் முழுவதும் சரி. இரண்டாவதில் நான்கு பிழை. மூன்றாவது எனக்கு ஏலாது. தலை சுற்றியது என்று அவளிடம் சொன்னேன். கொத்தமல்லி அவித்துத் தந்தாள்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் எந்தப் பெரிய முடிவுக்கும் கடுதாசியை அந்தோனியார் சுரூபத்தின் கீழ் வைத்து நவநாள் சொல்வது வழக்கம் என்பது உனக்குத் தெரியும். உன் கலியாண ஓலையும் அங்கேதான் இருந்தது. யூன் நான்காம் திகதி, திருநாளுக்கு முந்திய நவநாள் தொடங்கிய அன்று, படிவத்தை மடித்து அவர் காலடியில் வைத்தேன். புனிதர் வழி காட்டட்டும், ஒன்பது நாளும் முடிந்த பிறகே எடுப்பேன் என்று ஜசிந்தாவிடம் சொன்னேன்.

நான்காம் திகதி தொடங்கினால் ஒன்பதாம் நாள் பன்னிரண்டாம் திகதி. தவணை பத்தாம் திகதி. இந்தக் கணக்கைச் செய்ய எனக்கு எந்த ஆசிரியையும் தேவையில்லை, ஜோசப்பின். படிவத்தை மடிக்கும்போதே எனக்குத் தெரியும்.

ஜசிந்தா என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்கள் பாவாடை மடிப்பில் ஒவ்வொன்றாக அசைந்தன. எண்ணினாள். அவளுக்கு எண்ணப் பழக்கியவளே நான்தானே. எண்ணி முடித்து, "ஓம் பெரியம்மா" என்றாள். ஒன்பது நாளும் பின்னேரத்தில் என் பக்கத்தில் முழந்தாளிட்டு, நான் சொன்ன செபத்துக்கெல்லாம் சத்தமாகப் பதில் சொன்னாள். பத்தாம் திகதி கொஞ்சம் சத்தம் குறைந்தது. நான் மெழுகுதிரியைச் சரி செய்வதுபோல் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் மூலையில் மெழுகு சிந்தியது.

திருநாளன்று பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம் என்று சொன்னேன். கோயில் சுவாமி அபராதமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் தந்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது காய்மகாரம், அதாவது பொறாமை. ஏழு தலையான பாவங்களையும் ஒழுங்கு பிசகாமல் சொல்லிப் பரிசு வாங்கியவளுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. வேலணைப் பிள்ளைமேல் மட்டும் என்றால் சொல்லியிருப்பேன். பதினான்கு வயதுப் பிள்ளைமேல், என் தங்கச்சி பெற்ற பிள்ளைமேல் என்று எப்படிச் சொல்வது? உனக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த முறை சுவாமிக்கும் சொல்வேன்.

கோயில் வாசலில் ஞானசவுந்தரியின் கதையைக் கேட்டபோது, ஜசிந்தாதான் எங்கேயோ அழுதிருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் நேற்று முன்தினம் படிவத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமைச் சிஸ்டர் முன்னால் மீனலோசனியும் இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் தந்தது. "நீங்கள் வருவீங்கள் எண்டு எனக்குத் தெரியும் அம்மா. பெரியம்மா எனக்காக நவநாள் இருக்கிறா, முடிய எடுத்துக்கொண்டு வருவா எண்டு பிள்ளை சொன்னவ" என்றது.

எண்ணிப் பார்த்த பிள்ளை அப்படிச் சொல்லியிருக்கிறாள். என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆசிரியையோ, எங்கள் நவநாளுக்கு மரியாதை கொடுத்து, இரண்டு பெயர் எழுதிய தாளில் மூன்றாம் வரியை வெறுமையாக விட்டு வைத்திருந்தது. நான் அதன் இடத்தில் இருந்திருந்தால் பத்தாம் திகதி பின்னேரமே கோடு போட்டு மூடியிருப்பேன்.

தலைமைச் சிஸ்டர் ஒழுங்குக்காரி. தவணை போய்விட்டது, இனி என் கையெழுத்துச் செல்லாது என்றா. பெயர்கள் முப்பதாம் திகதி கொழும்புக்குப் போகின்றன. அதற்கு முன் தகப்பனுடைய சம்மதம் அவர் கைப்பட எழுதி வந்தால் மூன்றாம் வரியில் ஜசிந்தாவின் பெயரை எழுதலாம். வராவிட்டால் அந்த வரி இல்லை.

உயர்கணிதம் எடுக்கலாமா என்று நீங்கள் என்னைக் கேட்டிருந்தீர்கள். எட்டாவது பாடம் சுமைதான். ஐந்து மணிக்குத் துறையடி வீதியால் தனியே வருவதும் எனக்குப் பிடிக்கவில்லை. நானே போய்க் கூட்டிவருவேன். மற்ற ஏழும் குறைந்துவிடுமோ என்றால், குறையாது. கொப்பிகள் முழுவதையும் பார்த்தவள் சொல்கிறேன். அவளுக்கு அது வரும். என்னைவிட நன்றாக வரும். இந்தக் கடைசி வசனத்தை எழுத மூன்று தரம் பேனாவை மையில் தொட்டேன்.

எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று எண்ணாதே. நேற்றும் அவள் மேசையில் இருந்து ஏதோ செய்துகொண்டு தனக்குள் சிரித்தாள். எனக்கு எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போகவேண்டியிருந்தது. ஆனால் போகும் வழியில் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுப் போனேன். இப்போதைக்கு என்னால் ஏலுமானது அவ்வளவுதான்.

நவநாளைப் பற்றி அவளுக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இந்த ஒரு வீட்டுக்குள் அது போதும்.

தேவமாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். அம்புறோசின் வேலையிடத்தில் ஆபத்து ஒன்றும் வராமல் இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். இந்த முறை சுரூபத்தின் கீழ் ஒன்றும் வைக்கவில்லை.

தந்தி அனுப்ப வேண்டாம், தலைமைச் சிஸ்டர் ஏற்கமாட்டா. யாகப்புவிடம் சொல்லியும் விடவேண்டாம். அம்புறோஸ் தன் கைப்பட, திகதி போட்டு, இருபத்தெட்டாம் திகதிக்கு முன் இங்கே சேரும்படி சம்மதக் கடிதம் எழுதட்டும். நீயும் எனக்குத் தனியே ஒரு கடிதம் எழுது. கோபமென்றால் கோபம் என்றே எழுது. பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
மாக்கிறேற்