மலை தண்ணீர் குடிக்க வந்த கவிதை

அன்புள்ள நண்பருக்கு,

இன்று காலை எங்கள் சமையலறையின் பின்கதவு மூட மறுத்தது. சென்ற வாரம்தான் தச்சர் வந்து அதன் விளிம்பைச் சீவிக் கொடுத்திருந்தார். மழைக்கு மரம் ஊதியிருக்கலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு வெளியே போனேன். மலைச்சரிவைத் தாங்கி நிற்கும் அணைச்சுவரின் அடியில், முன்பு இல்லாத ஓர் ஊற்று கிளம்பியிருந்தது. கலங்கிய தண்ணீர், வெட்டிய மண்ணின் பச்சை வாசனை. அந்த வாசனையில்தான் நீங்கள் வந்து நின்றீர்கள்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தருகே, தேநீர்க்கடை மேல்மாடியில் நீங்கள் வாசித்த கவிதை எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது:

கதவு தன் நிலையை மறந்தது
மரங்கள் ஒருபக்கம் சாய்ந்து ஒட்டுக்கேட்டன
சுவர் அழுதது
மலை எழுந்து
எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தது.

நான் எழுந்து ஆட்சேபித்தேன். "கதவு எப்படி ஐசே மறக்கும்? மறதி உயிருள்ளதுக்கு அல்லோ?"

"லோயர் ஐயா, என் கதவைக் குறுக்கு விசாரணை பண்ணாதீங்க. பாவம், பயந்துபோயி செய்யாத குத்தத்தையெல்லாம் ஒத்துக்கிரும்!"

கடையே சிரித்தது. நான் விடவில்லை, பொருள் விளங்கவில்லை என்றேன். நீங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: "பயமா இருந்துச்சா?"

"இல்லை."

"அப்ப விளங்கலதான்."

கலஹாவில், தேயிலைச் சரிவின் கீழிருந்த வீட்டில் விழித்தெழுந்ததும், கண்ட கனவை முகம் கழுவுமுன் கவிதையாக எழுதுவீர்கள். பேராதனைக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து திருத்துவீர்கள். எங்கள் வீட்டுக்கு மேலே விடுதி கட்டுவதற்காக மரங்களை வெட்டிச் சரிவைக் குடைந்தபோது, சேர்ந்து கையொப்பமிட அழைத்தேன். இட்டீர்கள். "மனு நீங்க எழுதுங்க, கனவ நான் எழுதுறேன். எது முதல்ல போய்ச் சேருதுன்னு பாப்போம்" என்றீர்கள். மனுக்களுக்கு ஒழுங்காகப் பதில் வந்தது. விடுதியும் வந்தது. அது திறக்கப்படுமுன் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இன்று அணைச்சுவரருகில் நின்று மேலே பார்த்தேன். எஞ்சிய மரங்கள் யாவும் எங்கள் கூரையை நோக்கிச் சாய்ந்திருந்தன. மண்சரிவைக் கவனிக்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியிடம் ஓடினேன்.

"வெளிக்கிடும், மலை வருது" என்றேன்.

"ஆர் சொன்னது?"

உங்கள் பெயரைச் சொன்னேன். கவிதை என்றாலே கொட்டாவி விடுபவர், கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்; பிறகு மருந்துப் பையை எடுத்தார்.

சரிவில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, துணிக்கடை வைத்திருப்பவர் மனைவி மக்களோடும் வயதான தாயோடும் குடியிருக்கிறார். அவர் வாசலில் போய் நின்றேன்.

"ஆதாரம் ஏதும் ஈக்கா சேர்? உம்மாவ இந்த மழையில எங்க கொண்டு போற?"

வாழ்நாள் முழுவதும் பிறரிடம் ஆதாரம் கேட்டவன் நான். என்னிடம் இருந்தவை ஒரு கதவு, ஓர் ஊற்று, சில மரங்கள். அவற்றை முறையாக அடுக்கிச் சொல்லத் தொடங்கினேன், பாதியில் விட்டேன். உங்கள் கவிதையைச் சொன்னேன். மழையில், குடைக்குக் கீழே, கடைசி வரிவரை சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "எங்கட கதவும் நேத்திலேருந்து பூட்டுதில்ல. பயமா ஈக்குது சேர்."

"அப்ப விளங்கிட்டுது. வாங்கோ."

கலகெதரவில் மைத்துனியின் வீட்டில் இரண்டு குடும்பமும் இருக்கிறோம். பக்கத்து அறையில் துணிக்கடைக்காரரின் உம்மா தொழுதுகொண்டிருக்கிறார். இதை எழுதும் நேரம்வரை மலை விழவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். விழாமலும் போகலாம். மழை மட்டும் விடவில்லை. ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, எங்கள் மலை இருக்கும் திசையைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அன்று கேட்டதற்கு என் பதிலைத் திருத்திக்கொள்ள அனுமதியுங்கள்.

பயமாக இருக்கிறது.