ராலித்சா வாங்கிய டிரம்ஸ்

யாவோர்,

மின்கோ மாமாவிடம் நீ பொய் சொல்லியிருக்கிறாய். இந்தக் கோடையில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன், உங்கள் கல்யாண பாண்டில் டிரம்ஸ் வாசிக்கிற என் இடம் எனக்கே இருக்கட்டும் என்று ஈஸ்டர் அன்று அவருக்கு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கிறாய். அதற்கு முந்தின வாரம்தான் தக்காளித் தோட்டத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக உன் அப்பாவிடம் சொன்னாய். இதை முதலில் எழுதாவிட்டால் மற்றது எழுதக் கை ஓடாது, அதனால் எழுதிவிட்டேன். இனி நலம் விசாரிக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், இருமல் போனதா, அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெக்கையில் நின்றுவிட்டு அப்படியே குளிர்ந்த தண்ணீரைக் குடிக்காதே என்று சொன்னேனே, கேட்கிறாயா. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு பஸ்ஸின் கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி வீங்கியிருக்கிறது, டாக்டர் ஓய்வெடுங்கள் என்றார், டெப்போக்காரர்கள் ஓய்வெடுத்தால் வேறு ஆள் இருக்கிறான் என்றார்கள், அதனால் தைலம் தேய்த்துக்கொண்டு போகிறார். ஃபோனில் உன்னிடம் இரண்டு முறை கேட்டேன். மற்ற பேச்செல்லாம் நன்றாகக் கேட்கிறது, மின்கோ மாமா பெயரை எடுத்ததும் லைன் சரியில்லைம்மா என்கிறாய். அதனால்தான் எழுதி, சனிக்கிழமை அங்கே வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற மினிபஸ்ஸில் பொட்டலத்தோடு அனுப்புகிறேன். இதையாவது கடைசிவரை படி.

உன் தங்கை ராலித்சா புது டிரம்ஸ் வாங்கியிருக்கிறாள். அவள் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், நீயும் கேட்டிருக்க மாட்டாய். நீ விட்டுப்போனதை வைத்துத்தான் மூன்று வருடம் அடித்தாள். அது என்ன நிலையில் இருந்தது என்று உனக்கே தெரியும், திருகாணி எதுவும் பிடிக்காது, காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம் வெற்றுப் பீப்பாய் மாதிரி உறுமும் என்று நீதான் என் குளிர்காலப் போர்வையை அதற்குள் திணித்தாய், அந்தப் போர்வையை நான் ஒரு வருடம் தேடினேன். சிம்பல் தட்டில் விளிம்பிலிருந்து விரிசல் ஓடியபோது அவள் அழவில்லை, டெப்போவுக்குப் போய் துளையிடும் மெஷினை வாங்கிவந்து விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டாள், அதற்கப்புறம் விரிசல் நகரவில்லை. அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போன டிசம்பரில் ஒத்திகைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனாள். மின்கோ மாமா எல்லோர் முன்னாலும் சொன்னாராம், இந்தத் தகர டப்பாவோட கல்யாணத்துக்கு வந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்னைய விரட்டியடிப்பான், நல்ல டிரம்ஸோட வா, அப்புறம் பேசலாம் என்று. வேறு பெண்ணாக இருந்தால் அவமானப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். இவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். குளிர்காலம் முழுக்க என் பக்கத்திலேயே தையல் கூடத்தில் இரண்டாவது ஷிப்டும் சேர்த்துத் தைத்தாள். கக்கூஸுக்குப் போனால்கூட மேற்பார்வைக்காரி கடிகாரத்தைப் பார்க்கிற இடம் அது, ஜெர்மனியில் விற்கிற கோட்டுக்கு இங்கே காலர் தைக்கிறோம், அந்தக் கோட்டை ஒருநாளும் போட்டதில்லை. அங்கே உட்கார்ந்து தைக்கும்போதும் வலதுகால் மெஷினை மிதிக்கும், இடதுகால் தரையில் தனியாக வேறு தாளம் போட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து மெஷின்காரிகள் பைத்தியம் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மார்ச்சில் அப்பா கூட்டாளி ஒருவரின் வேனைக் கேட்டு வாங்கினார், மூன்று பேரும் ப்ளோவ்திவ் கடைக்குப் போனோம். கடைக்காரன் குடுமி போட்ட பையன், அப்பாவிடமே பேசினான், இவளைப் பார்க்கவேயில்லை. பொன் மினுக்குப் பூசிய ஒரு செட்டைக் காட்டினான், அப்பா சும்மா ஒரு அடி அடித்துப் பார்த்தார், கடைக் கண்ணாடி அதிர்ந்தது. இதாண்டி டிரம்ஸ், ஆடுறவன் நெஞ்சு அதிர வேணாமா என்றார். எனக்கும் அதுதான் பிடித்தது, மறைத்து என்ன, அடுத்த ஊருக்குக் கேட்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று வளர்ந்தவர்கள்தானே நாம். ராலித்சா கோட் பையிலிருந்து டிரம் திருகும் தன் சாவியை எடுத்து, ஒவ்வொரு செட்டாக உட்கார்ந்து, தோலை இறுக்கித் தளர்த்தி, ஒரே ஒரு அடி அடித்துவிட்டு அது அடங்குகிறவரை காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றரை மணி நேரம். உங்க பொண்ணு வாங்க வந்திருக்கா, இல்ல பரீட்சை வைக்க வந்திருக்காளாக்கா என்று அந்தப் பையன் என்னிடம் கேட்டான். அப்புறம் நம் கோபனித்சா ஆட்டத்தின் தாளத்தை ஆரம்பித்தாள், பதினோரு எண்ணிக்கையும் நம் வேகத்தில், முதலில் அந்தப் பொன் செட்டில், பிறகு மூலையில் யாரோ விற்றுவிட்டுப் போன பழுப்பு நிறச் செட்டில். அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அது அடிச்சு முடிச்சப்புறமும் பேசிக்கிட்டே இருக்குப்பா. பதினொண்ணுல ஓடுறப்ப, அடுத்த அடி விழறதுக்குள்ள முந்தின அடி வாய மூடணும். மூடலேன்னா எல்லாம் கூழாப் போயிரும், ஆடுறவனுக்குக் கால் எங்க வைக்கிறதுன்னே தெரியாது."

அந்தப் பழுப்புச் செட் பிர்ச் மரம், பெரிய டிரம்மே சின்னதாக இருந்தது, பக்கவாட்டில் ஒரு கீறல் வேறு. இவ்ளோ தூரம் வந்து ஒரு அலமாரிய வாங்கிட்டுப் போறமா என்று அப்பா முனகினார். அவள் அசையவில்லை. மினுக்குக்குக் கொடுக்கிற காசை நல்ல சிம்பல் இரண்டுக்கும் கனமான பெடலுக்கும் கொடுத்தாள், எல்லாம் அவள் தைத்துச் சம்பாதித்தது, யாரிடமும் கை நீட்டவில்லை. கட்டிக்கொடுக்கும்போது குடுமிக்காரனின் கிண்டல் போய்விட்டது, எந்த பாண்டில் வாசிக்கிறீர்கள் என்று அவளையே பார்த்துக் கேட்டான். வாசிக்கப் போறேன் என்றாள். யாவோர், அந்தப் பதிலைச் சொன்ன குரலை நீ கேட்டிருக்க வேண்டும்.

புதுசு வாங்கினால் எல்லோருக்கும் இனிப்பு கொடுக்க வேண்டுமே. ஈஸ்டர் முடிந்து ஒத்திகை மறுபடி ஆரம்பித்ததும் ஒரு பெட்டி சாக்லேட் வாங்கிக்கொண்டு போனாள், டிரம்ஸை இறக்க நானும் கூடப் போனேன். அக்கார்டியன் வாசிக்கிறவர் எடுத்துக்கொண்டார், பேஸ் வாசிக்கிற பையன் எடுத்துக்கொண்டான், பாடுகிற பெண் இரண்டு எடுத்துக்கொண்டு சுகமா வாசி என்று வாழ்த்தினாள். மின்கோ மாமா எடுக்கவில்லை. சர்க்கரை இருக்கிறது என்றார். நம் வீட்டுப் பக்லாவாவில் நாலு துண்டு தின்ற மனிதருக்குச் சர்க்கரையாம். எடுத்தால் அவளைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அதுதான் விஷயம். அப்புறம்தான் உன் ஃபோன் கதை வெளியே வந்தது. அவள் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். கடைசியில் அக்கார்டியன்காரர்தான் சண்டை போட்டு, ஒரே ஒரு கல்யாணம் வாசித்துக் காட்டட்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்.

அந்தக் கல்யாணம் போன ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினில் கட்டட வேலை பார்க்கிற பேக்கரிக்காரர் மகன் லீவில் வந்து கட்டிக்கொண்டான், திங்கட்கிழமையே இரண்டு பேரும் போய்விட்டார்கள், இப்போதெல்லாம் ஊரில் கல்யாணம் என்றால் அப்படித்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தார்கள், முற்றத்துத் தார்த்தரை கொதித்தது. ஹோரோ ஆட்ட வளையத்தில் நானும் கை கோத்து நின்றேன், அதனால் காதால் கேட்டதைச் சொல்லவில்லை, காலால் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கோபனித்சா வந்ததும் மின்கோ மாமா கிளாரினெட்டில் வேகத்தைக் கூட்டினார். வேண்டுமென்றே. முதலில் கூட்டியபோது வளையம் சிரித்தது, இரண்டாவது முறை அக்கார்டியன் பின்தங்கியது, மூன்றாவது முறை அவருக்கே கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. ராலித்சா விடவில்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது, அடித்ததும் அடங்கியது, எங்கே கால் வைப்பது என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. என் முட்டியும் ஐம்பத்துமூன்று வயது முட்டிதான். ஆடுகிறவர்கள் நின்று பார்க்கவில்லை, அதுதான் பெருமை, டிரம்ஸ்காரியைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணி நேரம் வாசித்தாள். அப்பா யாருக்கும் தெரியாமல் வேனுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார், கேட்டால் புகை என்றார், அங்கே யாரும் அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

முடிந்ததும் நானே மின்கோ மாமாவிடம் போய் நின்றேன். சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். "பொண்ணு நல்லா வாசிக்கிறா, இல்லேன்னு சொல்லலம்மா. ஆனா நான் யாவோருக்கு வாக்குக் குடுத்துட்டேன். வரலேன்னு அவன் வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் ப்ளோவ்திவ்லருந்து ஆள வச்சு ஓட்டிக்கிறேன்." ஆகஸ்ட் கல்யாணங்களுக்கு அந்த ஆளிடம் பேதுரு திருநாளன்று உறுதி சொல்ல வேண்டுமாம். மகன் ஃபோனில் ஒரு பொய் சொன்னால் அது வாக்கு. மகள் வெயிலில் எட்டு மணி நேரம் அடித்தால் அது நல்லா வாசிக்கிறா, அவ்வளவுதான். இந்த ஊரை இப்படிச் செய்து வைத்தது மின்கோ மாமா ஒருவர் இல்லை, நானும்தான். உனக்கு டிரம்ஸ் வாங்கித் தந்தபோது இவளுக்கு நான் ஏப்ரன் தைத்துக் கொடுத்தேன்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பத்துப் பேர் படுக்கிற கொட்டகையில் படுத்துக்கொண்டு, ஊரில் எனக்கு ஒரு இடம் காத்திருக்கிறது என்று நினைத்தால்தான் உனக்குத் தூக்கம் வரும். நீயும் நன்றாக வாசித்தவன்தான், மேளத்தைக் கேட்டே அது என் மகன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான், அதை யாரும் உன்னிடமிருந்து எடுக்கவில்லை. ஆனால் நீ அங்கே தூங்குவதற்காக இவள் இங்கே வேலையில்லாமல் நிற்க வேண்டுமா. ஊரை விட்டுப் போகாமல் பிழைக்க இந்த ஊரில் அவளுக்கு இருப்பது டிரம்ஸுக்குப் பின்னால் போடுகிற அந்த ஒரு முக்காலிதான், இல்லாவிட்டால் தையல் கூடம், இல்லாவிட்டால் மினிபஸ். நேற்று பொட்டலத்துக்கு இடம் சொல்லப் போனபோது டிரைவர் என்னிடம் கேட்டான், உங்க பொண்ணு செப்டம்பர்ல ஒரு சீட் இருக்கான்னு கேட்டாளே, எழுதிக்கவா என்று. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பிள்ளையை அந்த வண்டியில் ஏற்றிவிட்டேன், போதும்.

பொட்டலத்தில் மிளகாய் விழுது நாலு பாட்டில், ஊறுகாய் இரண்டு, அப்பா கொடுத்த பிளம் சாராயம் சின்ன பாட்டில் ஒன்று இருக்கிறது, அதைக் கொட்டகைக்காரர்கள் எல்லோருக்கும் ஊற்றிவிடாதே. காலி பாட்டில்களை மூடியோடு திருப்பி அனுப்பு, போன தடவை மூடி இல்லாமல் வந்தது. காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் கடவுள் உன் கையையும் முதுகையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும், நல்லவர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும், அப்பா உன் நெற்றியில் முத்தமிடுகிறார்.

பேதுரு திருநாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. மின்கோ மாமாவுக்கு ஃபோன் போட்டு, நான் வரவில்லை, அந்த இடம் ராலித்சாவுடையது என்று உன் வாயால் சொல். சொல்வாயா?

உன் அம்மா,
சோன்கா