பன்னிரண்டு நிமிடம்

இன்று காலைக் கூட்டத்தில் ஒருவர் நீலகிரித் தைலக் குப்பியைத் திறந்தார். மலை மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி. சளி போலும், கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு மூக்கருகே வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், அறை முழுக்க நீ வந்துவிட்டாய். பெங்களூர்க் குளிருக்குப் பயந்து அதே தைலத்தோடு இத்தனை வருடம் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள் அல்லவா. நான் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த வரி பாதியில் நின்றுபோனது.

அது என்ன வரி என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளம், மின்னல், வெப்ப அலை, மண்சரிவு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து, பெங்களூரையும் சுற்று மாவட்டங்களையும் இணைக்கும் முன்னெச்சரிக்கைத் திட்டம் ஒருவழியாக இப்போது எழுதப்படுகிறது. "ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு ஆபீஸ்னு வெச்சிருக்கீங்க. மழையும் இடியும் சேர்ந்து வந்தா ஜனங்க எந்த நம்பருக்குப் போன் பண்றது?" என்று நீ எத்தனை கூட்டங்களில் கேட்டிருப்பாய்! எச்சரிக்கையை எப்போது அனுப்புவது என்ற அத்தியாயம் என் பொறுப்பு. அந்த அத்தியாயம் உனக்கும் எனக்கும், நகரத்துக்குத் தெற்கே, அத்திபெலேயில்தான் தொடங்கியது.

அங்கே பூந்தோட்டங்களில் மின்னல் எச்சரிக்கையை முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? மத்தியான வேளைகளில் வெட்டவெளியில் பெண்கள் சாமந்தி பறிப்பார்கள். நம் செய்தி மேஸ்திரி சாந்தம்மாவின் போனுக்குப் போகும். அவர் குரல் கொடுத்து எல்லாரையும் கொட்டகைக்குள் கூட்டிவிடுவார். முதல் நாளே நீ அவரிடம், "போனை எங்க வைப்பீங்க?" என்று கேட்டாய். "இடுப்புல செருகிக்குவேன் மேடம். சத்தம் கேக்கலன்னாலும் அதிரும்ல?" என்றார். உனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது.

மூன்றாவது வாரமே நம் எச்சரிக்கை பொய்த்தது. மத்தியானம் முழுக்கப் பெண்கள் கொட்டகையில் அடைந்து கிடக்க, வானம் பளிச்சென்று வெளுத்துவிட்டது. பறிக்காத பூ செடியிலேயே நின்றது. தோட்டக்காரர் போனில் கத்தினார். இன்னொரு முறை இப்படி ஆனால் சோதனையையே நிறுத்திவிடுவதாக இயக்குநர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

நான் பயந்துவிட்டேன். விதியை மாற்றினேன். மேகப் படம் காட்டினால் மட்டும் போதாது. மின்னலைப் பதிவு செய்யும் கருவியும் சொன்ன பிறகே எச்சரிக்கை போகவேண்டும்.

நீ அந்தத் தாளைப் படித்துவிட்டு என் மேசை மேலேயே வைத்தாய்.

"கருவி சொல்லணும்னா எங்கயாவது ஒரு மின்னல் விழுந்தாகணும்டி. அந்த ஒண்ணு எங்க விழும்னு உனக்குத் தெரியுமா?"

"ஜனங்க நம்பிக்கை போயிடுச்சுன்னா அப்புறம் எதை அனுப்பினாலும் கேக்க மாட்டாங்க."

"பொய்யாப் போனா நான் போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன். உயிர் போனா யார்கிட்ட போய்க் கேக்கறது?"

உன் வார்த்தையில் நியாயம் இருந்தது என்று எனக்குத் தெரியும். என் வார்த்தையிலும் இருந்தது. அதனால்தான் இன்றுவரை தூக்கம் பிடிக்காமல் போகிறது. முழுக்க மடத்தனமாக ஒன்றைச் செய்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம்.

அது நடந்த அன்று நான் வேறோர் அலுவலகத்தில் கூட்டத்தில் இருந்தேன். மணி மூன்று இருக்கும். நீ போன் செய்தாய்.

"மேகம் அத்திபெலே மேல ஏறுது. கருவி இன்னும் ஒண்ணும் சொல்லல. அனுப்பிடட்டுமா?"

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்: "கருவியும் சொல்லட்டும். மறுபடி பொய்யாச்சுன்னா எல்லாமே போச்சு."

நீ "சரி" என்றாய்.

பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கருவி சொன்னது. அந்த நொடியே நீ அனுப்பினாய். ஆனால் கருவி பதிவு செய்த அந்த முதல் மின்னல் சாந்தம்மாவின் தோட்டத்திலேயே விழுந்திருந்தது. ஒரு பெண் இறந்துபோனாள்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். சாந்தம்மா கொட்டகை வாசலில் நின்றிருந்தார். நம்மைத் திட்டவில்லை. "மெசேஜ் வந்துது மேடம்" என்றார். "இடுப்புல அதிர்ந்துச்சு. அப்ப நான் அவளைத் தூக்கிட்டு ஓடிட்டு இருந்தேன்."

அந்த வாரம் நான் அறிக்கை எழுதினேன். 'எச்சரிக்கை அனுப்பப்பட்டது' என்று எழுதினேன். நீ படித்துவிட்டு, "எப்போன்னு எழுதலையே" என்றாய். "யாரும் கேக்கலையே" என்றேன். நீ கையெழுத்துப் போட்டாய். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய்விடுவாய். கோபம் என்று நினைத்தேன். கோபமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் நினைத்தேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

பிறகு உன் உடம்பு கெட்டது. காக்ஸ் டவுன் வீட்டில் உன்னைக் கடைசியாகப் பார்த்த மத்தியானம், உன் தங்கை டீ போட உள்ளே போன நேரத்தில், நீயே பேச்சை எடுத்தாய்.

"உன் மேல கோவம்லாம் இல்லடி. பட்டன் என் கையில இருந்துச்சு. உன்னைக் கேட்டேன் பாரு, அது என் தப்பு."

இத்தனை மாதமாக நீ உன்னைத்தான் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தாய் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'இல்லை, அது என் தப்பு' என்று சொல்ல எத்தனை நேரமாகும்? நான் சொன்னது என்ன தெரியுமா? "அதெல்லாம் இப்ப எதுக்கு, உடம்பைப் பாத்துக்க." டீ வந்தது. குடித்தேன். அல்சூருக்கு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்தாம் நாள் நீ இல்லை.

இன்று காலை பாதியில் நின்ற வரி இதுதான்: 'இரட்டை உறுதி முறை அத்திபெலே சோதனையில் நன்கு பயன்பட்டது.' மேகப் படமும் கருவியும் சேர்ந்து சொல்லவேண்டும் என்ற என் விதிக்குத்தான் அந்தப் பெயர். என் பழைய அறிக்கையை நம்பி வரைவில் யாரோ எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் அதே முறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நிமிடத்தை நான் விழுங்கியதால், அது இப்போது மலையடிவாரம் வரைக்கும் பரவப் போகிறது.

தாளைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். போனில் கேட்டது நீ, வேண்டாம் என்றது நான் என்று சொன்னேன்.

"இது அறிக்கையில இல்லையே மேடம்?" என்றார் புதிய இயக்குநர்.

"நான் எழுதல சார்."

மின்னலுக்கு அந்த விதியை எடுத்துவிட்டார்கள். மேகப் படம் போதும். பணியில் இருப்பவர் யாரையும் கேட்காமல் அனுப்பலாம். வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதிக்கொண்டார்கள். அந்த வார்த்தைக்கு எத்தனை மழைக்காலம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். என்னை அந்த அத்தியாயத்தில் விட்டுவைப்பார்களா என்பதும் தெரியவில்லை. உன் வீட்டில் சொல்ல வேண்டியதை, முன்பின் தெரியாத பதினைந்து பேரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். உனக்கு அது எந்த வகையில் உதவும்?

நீ போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தெற்கே மேகம் கறுத்தால் கை தானாகப் போனை எடுக்கிறது. எந்த விதியையும் பார்ப்பதில்லை, சாந்தம்மாவைக் கூப்பிட்டுவிடுகிறேன். பாதி நாள் ஒன்றும் நடப்பதில்லை. சாயங்காலம் அவரே திரும்பக் கூப்பிடுவார்.

"இன்னிக்கும் பொய்யாச்சே மேடம்?" என்று சிரிப்பார்.

"ஆமா சாந்தம்மா, இன்னிக்கும் பொய்தான்" என்பேன்.

போனை வைத்ததும் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்க்கிறேன். அந்தப் பொய்யை உன்னிடம் சொல்லிச் சந்தோஷப்படத்தான் நீ இல்லை.