மஞ்சள் பட்ட எட்டுக் குழாய்கள்

நகரி
நவம்பர் 12

அன்புள்ள தரணிக்கு,

நானும் உன் நைனாவும் நன்றாக இருக்கிறோம், புனேவில் குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. போனில் சொன்னால் நடுவில் நீ கேள்வி கேட்பாய், எனக்குக் கோர்வை அறுந்துவிடும், அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை, புதுச் சாலைக்குப் போகிற நம் கடலை நிலத்தில் எடுத்து, திருப்பதியில் உன் தோழி கன்னிகாவின் ஆய்வகத்துக்குக் கொடுத்தனுப்பிய எட்டுக் குழாய் மண்ணும் நீ கேட்ட மாதிரி சுத்தமானது இல்லை. நான் கையுறை போட்டு, கரண்டியை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு சாண் ஆழத்தில்தான் எடுத்தேன். ஆனால் அதற்கு முன்பே, விடிந்ததும் விடியாததுமாகப் போய், உன் நைனா அந்த இடத்தில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். திங்கட்கிழமை சாப்பிடும்போது பெருமையாகச் சொல்கிறார், நம்ம மண்ணு ஊர வுட்டுப் போவுதே, சும்மா எப்டி அனுப்பறது என்று. நான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவி எழுந்துவிட்டேன். காயத்தில் மஞ்சள் வைப்பதே கிருமி சாகத்தானே. சுற்றிலும் எல்லார் கடலையும் வேரழுகிப் போன வருஷங்களில்கூட நம்முடையது நின்றது, அந்த மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைக் கூட்டம் கலையாமல் உறையவைத்தால் இருபது வருஷம் கழித்து வருகிறவர்களும் ஆராயலாம் என்று நீ சொன்னாய். அதை நாங்களே கெடுத்துவிட்டோமே.

வேறு இடத்தில் மறுபடி எடுக்கலாம் என்றால், அதற்குள் சாலை போடுகிறவர்களின் ஜேசிபி நிலத்தில் இறங்கியாகிவிட்டது. ஓடினேன். பாதி மேல்மண்ணை வழித்துவிட்டிருந்தார்கள். நிறுத்துங்கள் என்றதற்கு, வண்டி ஓட்டும் ரங்கையா, இன்னாம்மா, நகை எதுனா பொதச்சி வெச்சிக்கிறியா என்று சிரித்தார். என் பெண்ணின் ஆராய்ச்சி என்றேன். ஒக்க கண்ட, அந்தே என்று ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார். கிழக்கு வரப்போரம் மஞ்சள் படாத இடத்தில் ஆறு குழாய் எடுத்தேன். அவசரத்தில் கையுறை இல்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கைதான், கரண்டியை மட்டும் நெருப்பில் காட்டினேன். ஐஸ் டப்பாவோடு பஸ் ஏறி அன்று மாலையே கன்னிகாவிடம் சேர்த்துவிட்டேன். இன்று அங்கே ஜல்லி கொட்டிவிட்டார்கள், இனி எடுக்க மண் கிடையாது.

நைனா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பொண்ணு வேலய நானே கெட்த்துட்டேன், அவகிட்ட சொல்லிப்புடாத என்கிறார். சொல்லாமல் விட்டுவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்றைக்கோ யாரோ அந்தக் குழாயைத் திறந்து, நம் நிலத்தைப் பற்றித் தப்பாக எழுதிவிடுவார்களே. அதனால் முதல் எட்டிலும் மஞ்சள் பட்டது என்று எழுதி ஒட்டச் சொல்லிவிட்டேன். அவற்றைக் கொட்டிவிடாதே என்று மட்டும் கேட்கிறேன். ஒவ்வொரு விதைப்புக்கும் அவர் அதே மூலையில்தான் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவந்தார், அந்த உயிர்கள் அதையும் குடித்துப் பழகியவையோ என்னவோ, எனக்குத் தெரியாது, நீதான் படித்தவள்.

உனக்கு ஒரு குறையும் வராது, நீ எடுத்த காரியம் நல்லபடியாக நடக்கும். வேளைக்குச் சாப்பிடு. கோபம் வந்தால் என் மூலம் சொல்லி அனுப்பாதே, நைனாவையே கூப்பிட்டுத் திட்டு. திட்டி முடித்ததும், எத்தனை வருஷமாக, எவ்வளவு மஞ்சள் ஊற்றினார் என்று கேட்டு, அவர் சொல்வதை உங்கள் பதிவில் அவர் பெயரோடு எழுதிக்கொள்.

உன் அம்மா,
ஸ்வர்ணலதா